விஜயதசமிக்கு மறுநாள் போட்ட காசோலை

என் தங்கையின் ஒன்பது லட்ச ரூபாயை நான் திருடவில்லை. சீட்டாடித் தோற்கவில்லை. பங்குச் சந்தையில் போடவுமில்லை. சட்டப்படி நாள் எண்ணிக்கொண்டிருந்தே தொலைத்தேன். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எப்படியும் மைசூரில் என் வீட்டுக்கு வருகிறவர்கள் இரண்டாவது வாய் காபிக்குள் இதைக் கேள்விப்பட்டுவிடுவார்கள்.

முப்பத்து நாலு வருடம் நீதிமன்ற அலுவலகத்தில் இருந்தேன். ஓய்வு பெறும்போது சிரஸ்தேதார். நீதிபதியின் மேசைக்கு ஒரு காகிதம் போவதற்கு முன்னால் அதை முகர்ந்து பார்க்கிற வேலை. கட்டணம் குறைகிறதா, கையெழுத்து விட்டுப்போயிருக்கிறதா, கெடு தாண்டிவிட்டதா என்று பார்த்து, ஆட்சேபம் எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். அதில் எனக்கு ஒரு கெட்ட ருசி உண்டாகிவிட்டது. ஒரே ஒரு நாள் கெடு தாண்டிய மனு கையில் அகப்பட்டால் அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு நன்றாக இறங்கும். செக் திரும்பிய வழக்குகள்தான் அதற்கு நல்ல மேய்ச்சல் நிலம். மூன்று மாதம், முப்பது நாள், பதினைந்து நாள், ஒரு மாதம் என்று அந்தச் சட்டம் முழுக்கக் கெடுதான். வக்கீல்கள் எனக்குக் 'கேலண்டர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். (பாராட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.)

ஓய்வு பெற்ற மூன்றாவது மாதம் என் தங்கை செல்வியும் அவள் கணவர் தங்கராசுவும் ஒரு காசோலையோடு வந்தார்கள்.

எங்களுக்குப் பூர்வீகம் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்ப் பக்கம். தங்கராசு இங்கே ஒரு ஊதுபத்தித் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். அவர் வந்து போன அறையில் ஒரு மணி நேரத்துக்குச் சாமி கும்பிட வேண்டும்போல இருக்கும். மண்டி மொஹல்லாவில் ஒரு சந்துக்குள் மாடி வீடு ஒன்றைப் போக்கியத்துக்கு எடுத்து ஆறு வருடம் குடியிருந்தார்கள். போக்கியம் என்றால் வீட்டுக்காரரிடம் மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட வேண்டியது; வாடகை கிடையாது; காலி செய்கிற அன்றைக்குத் தொகை முழுதாகத் திரும்ப வரும். வர வேண்டும். அவர்கள் கொடுத்திருந்தது ஒன்பது லட்சம். செல்வியின் நகை, தங்கராசுவின் பி.எஃப். பணத்தில் ஒரு பகுதி, ஹனூரில் விற்ற கொஞ்சம் புன்செய் எல்லாம் சேர்ந்து அந்த ஒன்பது. அதைக் கொடுத்தால்தான் அடுத்த வீட்டுக்குப் போக முடியும். அதைத் தவிர அவர்களிடம் வேறொன்றும் இல்லை.

வீட்டுக்காரர் பெயர் நஞ்சப்பா. வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, பேச்சுக்குப் பேச்சு 'ஆயித்து சார்'. ஆகிவிட்டது என்று அர்த்தம். அவர் அதைச் சொன்ன எந்தக் காரியமும் அதுவரை ஆனதில்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன். ஆஷாட மாதம் பிறந்தால் புதிதாக வருகிறவர்கள் பால் காய்ச்ச மாட்டார்கள், ஆகவே ஜூன் மாதக் கடைசிக்குள் காலி செய்யுங்கள் என்றார். புதியவர்களின் பணம் கைக்கு வர ஒரு வாரம் பிடிக்கும் என்று சொல்லி, ஜூலை ஐந்தாம் தேதி போட்ட காசோலையை ஜூன் மாதமே எழுதிக் கொடுத்துவிட்டார்.

தங்கராசுவுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது.

"மச்சான், பணம் கைக்கு வர்ற வரைக்கும் சாவி நம்மகிட்டயே இருக்கட்டுங்களே. பூட்டிட்டு வந்துடறோம்."

"எதுக்கு மாப்பிள்ளை?"

"சரக்கு குடோன்ல இருந்தாத்தான் பார்ட்டி போன எடுப்பானுங்க. லாரி ஏறிடுச்சுன்னா எடுக்க மாட்டானுங்க."

நான் சிரித்தேன். ஊதுபத்தி உலகத்தின் நியாயத்தை நீதிமன்ற உலகத்துக்குக் கொண்டுவருகிறாரே என்று பெருந்தன்மையாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் என் கன்னத்தில் நானே ஒன்று வைக்கலாம்போல இருக்கிறது.

"மாப்பிள்ளை, இது செக். பணம் இல்லாம திரும்பி வந்தா கிரிமினல் கேஸ். ரெண்டு வருஷம் வரைக்கும் உள்ள வைக்கலாம். சட்டத்தைவிடப் பெரிய பூட்டு உங்ககிட்ட இருக்கா?"

அதோடு நிறுத்தியிருக்கலாம். மேசை மேல் கிடந்த ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பேனாவை எடுத்தேன். காசோலையில் உள்ள தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் வங்கியில் போட வேண்டும். பணமில்லை என்று திரும்பினால், அது தெரிந்த முப்பது நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து பணம் கொடுக்க அவருக்குப் பதினைந்து நாள். அதிலும் கொடுக்காவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் வழக்கு. நான்கு வரி, நான்கு அடிக்கோடு.

செல்வியின் மகள் காவ்யா கல்லூரியில் படிக்கிறாள். அவள் ஒரு கேள்வி கேட்டாள்.

"மாமா, செக் கைக்கு வந்தது ஜூன்ல. அப்ப ஜூன்லேர்ந்துதானே எண்ணணும்?"

"அதுதான் படிச்சவங்களே பண்ற தப்பு. பின் தேதி போட்ட செக் அந்தத் தேதி வர்ற வரைக்கும் செக்கே இல்லை. வெறும் வாக்குறுதி. ஜூலை அஞ்சாம் தேதிதான் அதுக்கு உயிர் வருது. மூணு மாசம் அங்கேர்ந்துதான்."

"ஹௌதா மாமா?" என்று கண்ணை விரித்தாள். அவள் ஆச்சரியப்படும்போது கன்னடம்தான் வரும். அந்த ஆச்சரியம் எனக்குப் பிடித்திருந்தது. கஷ்டமான கேள்விக்குச் சரியான பதில் சொன்னவன், சுலபமான கேள்வியில் கவிழ்ந்த கதை இது.

சாவி நஞ்சப்பா கைக்குப் போனது. 'ஆயித்து சார்' என்றார். அந்த ஒரு தடவை மட்டும் உண்மையிலேயே ஆயிற்று. வேறொரு வீட்டுக்கு இருபத்தைந்தாயிரம் முன்பணம் கொடுத்துவிட்டு, "ரெண்டு வாரங்ணா, அதுக்குள்ள போயிடுவோம்" என்று செல்வி என் வீட்டு மாடி அறைக்கு வந்தாள். மூன்று பேர், ஒரு அறை, ஏறும் வழியெல்லாம் பாத்திர மூட்டை.

ஜூலை நான்காம் தேதியே நஞ்சப்பா போன் செய்தார். அவர் கன்னடக்காரர், எனக்கு மரியாதை காட்ட வேண்டியிருந்தால் மட்டும் தமிழில் பேசுவார்.

"சார், ஆஷாட மாசம். இந்த மாசத்துல வீட்டு லக்ஷ்மிய வெளியே அனுப்பக் கூடாதுன்னு எங்கம்மா பிடிவாதம். ஸ்வல்ப பொறுத்துக்கோங்க. மூணு மாசம் டைம் இருக்கில்ல? கோர்ட்டுல இருந்தவரு நீங்க. உங்களுக்கே நான் சொல்லணுமா?"

என்னை விழவைக்க அந்தக் கடைசி வாக்கியம் போதுமானதாக இருந்தது. காசோலையை வங்கியில் போட்டுத் திரும்பிவிட்டால் வழக்கு நாலு வருடம் இழுக்கும். பொறுத்தால் பணமாகவே வந்துவிடும். கெடுவோ கையில் இருக்கிறது. செல்விக்கும் தங்கராசுவுக்கும் இதை விளக்கினேன். இந்த யோசனையை முட்டாள்தனம் என்று யாரும் சொல்ல முடியாது. முட்டாளாக இருந்தால் மறுநாளே போய்ப் போட்டிருப்பேன்.

ஆஷாடம் முடிந்தது. சிராவணம் வந்தது. வரலட்சுமி பூஜை சமயத்தில் பணம் வெளியே போகலாமா சார் என்றார். பூஜை முடிந்ததும் வெற்றிலை பாக்கு, தேங்காயோடு ஒரு தட்டு அனுப்பினார். (அந்தத் தேங்காயில் சட்னி அரைத்தோம். ஒன்பது லட்சத்தில் எங்களுக்குத் திரும்பி வந்தது இதுவரை அதுதான்.) அப்புறம் கணேசர் வந்தார். கணேசர் தண்ணீரில் இறங்கியதும் பித்ரு பட்சம் தொடங்கியது. முன்னோர்களுக்கான நாட்களில் பெரிய தொகையைத் தொடக் கூடாதாம். அவருடைய முன்னோர்கள் யாரும் போக்கியத்துக்கு வீடு விட்டதாகத் தெரியவில்லை.

ஒவ்வொரு தடவையும் தங்கராசு வேலையிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, கதவோரம் நின்றே கேட்பார்.

"போட்டுப் பாத்துடலாங்களா மச்சான்?"

"இன்னும் நாள் இருக்கு மாப்பிள்ளை."

"சரிங்க."

செல்வி அவ்வளவு சுலபமாக விடவில்லை. "அண்ணா, எனக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாங்ணா. போட்டா வருதா வல்லையா, அது தெரிஞ்சா போதும்" என்றாள். அந்த இன்னொரு வீட்டுக்காரர் ஆகஸ்ட் கடைசியில் வேறு ஆளைக் குடிவைத்துவிட்டு, இருபத்தைந்தாயிரம் முன்பணத்தையும் வைத்துக்கொண்டுவிட்டார். அன்றைக்குச் சாயங்காலம் செல்வி மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் கல்யாணப் பத்திரிகையை எடுத்துவந்து, இன்னும் முப்பத்தைந்து நாள் இருக்கிறது என்று காட்டினேன். ஆறுதல் சொல்வதாக எண்ணம்.

என் மனைவிக்குச் சட்டம் தெரியாது. அவள் சொன்னாள்: "ஏங்க, அந்தாளு பஞ்சாங்கத்தப் பாக்கறான். நீங்க கேலண்டரப் பாக்கறீங்க. நடுவுல அவங்க மூணு பேரும் பாயில படுத்திருக்காங்க. அதையும் ஒரு தடவை பாருங்க."

நான் அதற்கும் பதில் வைத்திருந்தேன். என்ன பதில் என்று இப்போது ஞாபகம் இல்லை. நல்ல பதிலாகத்தான் இருந்திருக்கும்.

தசரா வந்தது. எங்கள் கெடு முடிகிற அக்டோபர் ஐந்தாம் தேதி, பார்த்தால், விஜயதசமி. முந்தின நாள் ஆயுத பூஜை. இரண்டு நாளும் வங்கி கிடையாது. அதற்கு முந்தின சனிக்கிழமை காலையில் தங்கராசு தொழிற்சாலைக்குப் போகாமல், வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு கீழே இறங்கி வந்தார். காசோலை சட்டைப் பையில் இருந்தது.

"மச்சான், இன்னைக்குப் போட்டா திங்கக்கிழமை தெரிஞ்சுருமுங்க. அப்புறம் ரெண்டு நாள் லீவு."

அதற்கு முந்தின நாள்தான் நஞ்சப்பா போனில், சாமுண்டித் தாயின் மேல் ஆணையாக விஜயதசமி அன்றைக்குத் தட்டில் வைத்துப் பணமாகவே கொடுக்கிறேன் என்று சொல்லியிருந்தார். மூன்று மாதம் பொறுத்துவிட்டு நாலு நாள் பொறுக்காமல் காரியத்தைக் கெடுப்பதா?

"மாப்பிள்ளை, கெடுவோட கடைசி நாள் லீவா இருந்தா, திறக்கிற முதல் நாள் போடலாம். அது சட்டம். ஆறாம் தேதி காலைல பத்து மணிக்குக் கொண்டுபோய் வெச்சா அஞ்சாம் தேதி வெச்ச மாதிரி."

"நிச்சயமுங்களா?"

"என் கையாலேயே எத்தனை மனு அப்படி வாங்கியிருக்கேன் தெரியுமா?"

அது பொய்யில்லை. தசரா விடுமுறை முடிந்து நீதிமன்றம் திறக்கிற அன்றைக்கு வக்கீல்கள் வரிசையில் நிற்பார்கள். விடுமுறையில் கெடு முடிந்த மனுக்களையெல்லாம் நான் ஏற்றுக்கொண்டு முத்திரை குத்துவேன். முப்பத்து நாலு வருடம் குத்தியிருக்கிறேன். உலகத்தில் உள்ள எல்லாக் கதவுகளுக்கும் என் அலுவலகக் கதவின் விதிதான் என்று நினைத்துவிட்டேன்.

"சரிங்க" என்று தங்கராசு மாடிக்குப் போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வேலைக்குப் போனார்.

விஜயதசமி அன்றைக்கு எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்து டிவியில் ஊர்வலம் பார்த்தோம். அம்பாரி அசைந்து அசைந்து வந்தது. நஞ்சப்பாவின் போன் அணைந்தே இருந்தது. "கூட்டத்துல மாட்டியிருப்பார்" என்றேன். யானை மட்டும் நடந்துகொண்டிருந்தது.

ஆறாம் தேதி காலை ஒன்பதே முக்காலுக்கே வங்கி வாசலில் இருந்தோம். வழியெல்லாம் ஆயுத பூஜைக்கு உடைத்த பூசணிக்காய் குங்குமத்தோடு நசுங்கிக் கிடந்தது. தங்கராசுவின் ஸ்கூட்டரில் கட்டிய வாழைக்கன்று வாடிப்போய்த் தொங்கியது. கவுன்டரில் ஒரு சின்னப் பெண். கன்னடத்துப் பெண், எங்கள் பேச்சைக் கேட்டுத் தமிழையும் கலந்துகொண்டாள். காசோலையை வாங்கிப் பார்த்தாள். விரலை மடக்கி எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.

"அங்கிள், இது நேத்தோட முடிஞ்சுது."

"நேத்து லீவும்மா."

"ஹௌது அங்கிள். ரஜா."

"லீவுன்னா மறுநாள் செல்லும்."

"எல்லி அங்கிள்?"

"கோர்ட்டுல."

அவள் என்னைப் பார்த்தாள். சுற்றிலும் பார்த்தாள். இது நீதிமன்றம் இல்லை என்பதை எனக்கு எப்படி நோகாமல் சொல்வது என்று யோசித்தாள் என்று நினைக்கிறேன்.

"எங்களுக்குத்தான் அங்கிள் ரஜா" என்றாள் கடைசியில். "செக்குக்கு ரஜா இல்ல."

விடாமல் மாற்றுமுறை ஆவணச் சட்டம், பொது விதிகள், விடுமுறைப் பட்டியல் எல்லாம் எடுத்துப் பேசினேன். பின்னால் வரிசை நீண்டது. யாரோ ஒருவர், "மேஷ்ட்ரே, பாடம் அப்புறம் எடுங்க" என்றார். தங்கராசு என் முழங்கையைத் தொட்டு, "வாங்க மச்சான்" என்றார். அதற்கும் நான் அசையாததால் அந்தப் பெண் காசோலையை வாங்கிக்கொண்டாள். இரண்டு நாளில் ஒரு சீட்டோடு திரும்பி வந்தது. காரணம்: காலாவதியான காசோலை.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. அதை எனக்குச் சொல்ல யாரும் தேவைப்படவில்லை. கணக்கில் பணம் இல்லை என்று அந்தச் சீட்டு சொல்லியிருந்தால் நஞ்சப்பா குற்றவாளி. காலாவதி என்று சொல்லிவிட்டதால் குற்றவாளி நான். வழக்குப் போடுவதில் தாமதமானால்கூடக் காரணம் காட்டி நீதிமன்றத்திடம் மன்னிப்புக் கேட்கலாம். காசோலையின் மூன்று மாதத்துக்கு மன்னிப்புக் கேட்க ஆளே கிடையாது. கல்யாணப் பத்திரிகையில் நான் அடிக்கோடிட்ட முப்பது நாளும் பதினைந்து நாளும் ஒரு மாதமும் தொடங்கவே இல்லை.

நஞ்சப்பா அன்றைக்குச் சாயங்காலமே போனை எடுத்தார்.

"என்ன சார், மூணு மாசமா உங்க பணத்த கணக்குலயே வெச்சிட்டிருந்தேன். நீங்கதான் போடவே இல்ல. இப்ப வேற இடத்துல முடங்கிருச்சு. பாக்கலாம் சார்." இந்தத் தடவை அவர் பேசியது கன்னடத்தில்; தமிழாக்கியது நான். மரியாதையின் தேவை முடிந்துவிட்டது.

கடன் கடன்தான், காசோலை செத்தாலும் அது சாகாது. ஆகவே சிவில் வழக்குப் போட்டோம். ஒன்பது லட்சத்தைக் கேட்பதற்கே அரை லட்சத்துக்கு மேல் நீதிமன்றக் கட்டணம். என் ஓய்வூதியத்திலிருந்து கட்டினேன். என் பழைய நாற்காலியில் இப்போது ரூபா என்கிற பெண் இருக்கிறாள். எனக்குக் கீழே வேலை பார்த்தவள். எங்கள் மனு முதல் தடவை ஆட்சேபத்தோடு திரும்பி வந்தது. 'தேதிகள் தெளிவாகக் குறிப்பிடப்படவில்லை.' அந்த வாசகம் என்னுடையது. அதில் ஒரு சொல்லைக்கூட அவள் மாற்றியிருக்கவில்லை.

நஞ்சப்பா தாக்கல் செய்த பதிலோடு, தன் நேர்மைக்குச் சாட்சியாக வங்கிக் கணக்கு விவரத்தையும் இணைத்திருந்தார். அவர் போனில் சொன்னது மூன்றில் ஒரு பங்குகூட உண்மையில்லை. ஆனால் கொஞ்சம் உண்மை இருந்தது. புதிதாகக் குடிவந்தவர்களின் பணம் ஜூலை இரண்டாம் தேதி அந்தக் கணக்குக்கு வந்திருக்கிறது. பதினொரு லட்சம். இருபத்தோராம் தேதி வரை அங்கேயே இருந்திருக்கிறது. ஆடாமல், அசையாமல், யாராவது வந்து கேட்கட்டும் என்று.

செல்வி அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். கன்னடமும் இங்கிலீஷும் அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். எண்கள் எல்லாருக்கும் தெரியும்.

"அப்ப அஞ்சாந்தேதியே போட்டிருந்தா வந்திருக்குங்களாண்ணா?"

"வந்திருக்கும்."

"கேஸே வேண்டியிருந்திருக்காது."

"வேண்டியிருந்திருக்காது."

"ம்" என்றாள். அடுப்பில் பால் பொங்கியது. போய் அணைத்தாள். அதற்கப்புறம் இரண்டு மாதம் என்னிடம் அவள் பேசியதில் 'அண்ணா' இல்லை. 'சாப்பாடு வெச்சிருக்கு', 'தண்ணி வந்துருச்சு', அவ்வளவுதான். தங்கராசு மட்டும் அந்தக் காகிதத்தை நாலாக மடித்து என்னிடமே கொடுத்து, "விடுங்க மச்சான். குடோன் சாவிய நானே கேட்டு வாங்கியிருக்கோணும்" என்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால் இந்தக் கட்டுரையை எழுத வேண்டியிருந்திருக்காது.

வழக்கு நடக்கிறது. நஞ்சப்பாவின் வக்கீல் வாய்தா வாங்குகிறார், பண்டிகைகளுக்குப் பஞ்சமில்லை. இரண்டு வாரத்துக்கென்று வந்தவர்கள் இன்னும் என் வீட்டு மாடியில்தான் இருக்கிறார்கள். தங்கராசு மாதாமாதம் வாடகை என்று ஒரு தொகையை என் மனைவியிடம் கொடுக்கிறார். அவள் வாங்கிக்கொள்கிறாள், செல்வியின் பெயரில் போட்டுவைக்கிறாள். இது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

செல்வி மறுபடியும் 'அண்ணா' என்று கூப்பிட்டதற்குக் காரணம் காவ்யா. ஒரு நாள் சமையலறையில் ரொட்டிப் பாக்கெட் ஒன்றை எடுத்துப் பின்னால் இருந்த தேதியைப் பார்த்தவள், முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"மாமா, இது இன்னைக்கு வரைக்கும்தான் நல்லா இருக்குமாம். ஆனா இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, ரஜா. அப்ப நாளைக்குச் சாப்பிடலாந்தானே?"

முதலில் சிரித்தவள் செல்விதான். சிரித்து, இருமி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கேளுடி, அண்ணாகிட்டக் கேளு. அண்ணா கணக்குல ஒரு நாள் சேத்தித்தான் இருக்கும்" என்றாள். தங்கராசு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தயிர், மாத்திரை, தீபாவளிப் பட்டாசு, கேஸ் பில், எதில் தேதி இருந்தாலும் அது என்னிடம்தான் வரும். விருந்தாளிகளுக்கு முன்னால் வரும். சம்பந்தம் பேச வந்தவர்களுக்கு முன்னால்கூட வந்தது. "இது என்னிக்கு வரைக்கும் செல்லும் மாமா? நடுவுல லீவு ஏதாச்சும் இருக்கா?"

ரொட்டியாக இருந்தால் கையை நீட்டி வாங்கி, அங்கேயே, அப்போதே, பசிக்கிறதோ இல்லையோ, தின்றுவிடுகிறேன்.